முந்திரி, திராட்சை தாராளமாக

குடியாத்தம்,
11.8.2025

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா சீதாலட்சுமி அவர்களுக்கு,

கணேசமூர்த்தி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் புனிதவதியும் சுகமாக இருக்கிறோம். அங்கே தாங்கள், மாப்பிள்ளை ராஜேஷ்குமார், என் மகள் தர்ஷினி, அவள் வயிற்றில் இருப்பவர் ஆக நால்வரின் சுகத்துக்கும் ஒரு வரி எழுதவும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். முப்பத்தாறு வருஷம் தபால் இலாகாவில் இருந்தவன் நான். எழுத்தில் இருந்தால்தான் எனக்கு நம்பிக்கை. இன்னொரு காரணமும் உண்டு. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் அனுப்பிய முக்கியமான செய்தி ஒன்றுக்குக் கீழே மாப்பிள்ளை "ஃபேக் மாமா" என்று போட்டு, பக்கத்தில் விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மை ஒன்றையும் வைத்தார். அன்றே குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டேன். கோபமெல்லாம் இல்லை. அந்தப் பொம்மையைத் தவிர்த்திருக்கலாம்.

செய்தி இதுதான். இப்போது சந்தைக்கு வரும் காய்கனிகளில் பாதிக்கு மேல் மரபணு மாற்றியவையாம். கர்ப்பிணிகள் சாப்பிட்டால் அந்த மாற்றம் பிள்ளைக்கும் போய்விடுமாம். தர்ஷினிக்கு இது மூன்றாம் மாதம். ஆகவே அவள் தொடக்கூடாதவை: ஒன்று, விதையில்லாத திராட்சை. இரண்டு, பெங்களூர்த் தக்காளி. மூன்று, உருண்டைக் கத்தரிக்காய். நான்கு, மக்காச்சோளம். ஐந்து, சோயா. ஆறு, பப்பாளி.

தாங்கள் மெஸ் நடத்தி நாற்பது பேருக்குச் சமைத்துப் போடுகிறவர். நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவளிடமும் போனில் சொன்னேன். சரி என்றாள்.

தங்கள் மூட்டுவலி குறைந்ததா? தபால்காரரை எதிர்பார்த்திருக்கும்,
கணேசமூர்த்தி


ஆடுகோடி, பெங்களூரு,
19.8.2025

சம்பந்தி அண்ணாவுக்கும் புனிதவதி அண்ணிக்கும் சீதாலட்சுமியின் வணக்கம். நால்வரும் நலம். நாலாவது நபர் இப்போதைக்குக் காலை வேளைகளில் அம்மாவை வாந்தியெடுக்க வைத்து, தான் இருப்பதைத் தெரிவித்துக்கொண்டிருக்கிறார். என் மூட்டு என் பேச்சைக் கேட்பதில்லை. மற்றபடி சுகம்.

உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரர், "ஏனம்மா, கோர்ட் நோட்டீஸா?" என்று கேட்டார். சம்பந்தி கையால் எழுதிய கடிதம் என்றதும் வாங்கி இன்னொரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். ராஜேஷிடம் பொம்மை விஷயத்தைக் கேட்டேன். "அய்யோ, மாமா கோச்சிக்கினாரா?" என்று பயந்துவிட்டான்.

பட்டியலில் எனக்கு ஒரே ஒரு சந்தேகம். நீங்கள் அங்கே பெங்களூர்த் தக்காளி என்கிறீர்கள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. இங்கே புளிப்பாக இருந்தால் நாட்டி, கெட்டியாக இருந்தால் ஃபார்ம். இரண்டும் கோலார்ப் பக்கத்திலிருந்து ஒரே லாரியில் வருகின்றன. பெங்களூர்க்காரி நான் எந்தத் தக்காளியை விலக்குவது?

பெண்ணைப் பெற்றவர் சொன்னதை மீறினாள் என்ற பெயர் எனக்கு வேண்டாம். அவளுக்குத் தனியாகப் புளி ரசம் வைக்கிறேன். அண்ணியின் ஊறுகாய் தீர்ந்துவிட்டது என்பதை இங்கே குறிப்பாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
சீதாலட்சுமி


குடியாத்தம்,
6.9.2025

சம்பந்தியம்மா அவர்களுக்கு வணக்கம். எல்லோரும் சுகம். ஊறுகாய் பார்சலில் வருகிறது.

தக்காளியைப் பற்றிக் கேட்டீர்கள். அதில் மீனின் மரபணுவைச் சேர்த்திருக்கிறார்களாம். நாங்கள் வெள்ளிக்கிழமை அசைவம் தொடாதவர்கள். தக்காளிக்குள் மீன் இருந்தால் வெள்ளிக்கிழமை ரசம் என்ன ஆவது? தவிர, இந்த மாதிரிக் காய்களின் விதை முளைக்கவே முளைக்காதாம். முளைக்காததைச் சாப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மேற்படிப் பட்டியலில் குடைமிளகாய், பெரிய வாழைப்பழம், உருளைக்கிழங்கு, பளபளப்பான ஆப்பிள், ஒட்டு முருங்கை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளவும். முதல் எண்ணில் இருப்பது வீட்டுக்குள்ளேயே வர வேண்டாம். மெஸ்ஸுக்கு வருகிறவர்கள் யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் வேண்டாம்.

தொல்லை கொடுப்பதற்கு மன்னிக்கவும். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள்.

கணேசமூர்த்தி


ஆடுகோடி,
9.10.2025

சம்பந்தி அண்ணாவுக்கு, வணக்கம். நீங்களும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள். இங்கே எல்லோரும் நலம் என்று எழுத இந்தத் தடவை எனக்கு மனம் வரவில்லை.

நேற்று தர்ஷினியைப் பரிசோதனைக்கு அழைத்துப்போனேன். ரத்தத்தில் ஹீமோகுளோபின் பதினொன்றிலிருந்து ஒன்பதுக்கு இறங்கிவிட்டது. ஐந்தாம் மாதத்தில் ஏற வேண்டிய எடை ஏறவில்லை. டாக்டரம்மா என்னைத்தான் பிடித்துக்கொண்டார். "மெஸ் நடத்தறீங்க, உங்க வீட்டு மருமக ரத்தமில்லாம வந்து நிக்கறா. ஊருக்கெல்லாம் சோறு போட்டு என்னம்மா பிரயோஜனம்?" எனக்கு அழுகையே வந்துவிட்டது அண்ணா.

அவள் சாப்பிடுவது புளி ரசமும் தயிர்சாதமும்தான். தட்டில் எதை வைத்தாலும், "இது அப்பா லிஸ்ட்ல இருக்கா அத்தை?" என்று கேட்கிறாள். இல்லாததைக்கூடச் சந்தேகப்பட்டு ஒதுக்கிவிடுகிறாள். திட்டிப் பார்த்தேன். "அப்பா இதுவரைக்கும் என்கிட்ட எதையும் வேணாம்னு சொன்னதில்ல. முத தடவையா ஒண்ணு சொல்றார். அதை எப்படி அத்தை மீறறது?" என்கிறாள்.

எங்கள் மெஸ்ஸில் அதிதி என்று ஒரு பெண் மதியம் சாப்பிடுகிறாள். ஹெப்பாளப் பக்கம் செடிகளை ஆராயும் லேப் ஒன்றில் வேலை; வாரத்தில் மூன்று நாள் இந்தப் பக்கம் வருவாள். சாம்பார் ஊற்றும்போது அவளிடம் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டேன். மாற்றிய மரபணுவைச் சாப்பிட்டால் பிள்ளைக்குப் போகுமா என்றதற்கு, "ஆண்ட்டி, உங்க இட்லியில அரிசியோட ஜீனும் இருக்கு, உளுந்தோட ஜீனும் இருக்கு. நாலு வருஷமா தின்றேன். என் தலையில உளுந்து முளைச்சுதா?" என்றாள். பக்கத்து மேஜையில் சிரித்து ஒருவருக்குப் புரையேறிவிட்டது. எல்லா உணவிலும் மரபணு இருக்கிறது, வயிறு மற்றதைப்போல அதையும் ஜீரணித்துவிடுகிறது என்றாள். மீன் தக்காளியை ஒரு காலத்தில் எங்கேயோ லேபில் முயன்று பார்த்தது உண்மைதானாம். கடைக்கு வரவே இல்லையாம். உங்கள் வெள்ளிக்கிழமை ரசத்துக்கு ஆபத்தில்லை.

முளைக்காது என்றீர்களே, உங்கள் கடிதம் வந்த அன்றே நீங்கள் சொல்லும் அந்தப் பெங்களூர்த் தக்காளி ஒன்றைப் பிசைந்து மொட்டைமாடியில் பெயிண்ட் வாளியில் போட்டேன். பதினோரு செடி வந்திருக்கிறது.

அவளைச் சாப்பிடச் சொல்லி நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள். கேட்டுக்கொள்கிறேன்.

சீதாலட்சுமி


குடியாத்தம்,
21.10.2025

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

தீபாவளி வாழ்த்துகள் ஒரு நாள் தாமதமாக. தங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. புனிதவதி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அது நியாயம்தான்.

தர்ஷினியிடம் போனில் சொல்லிவிட்டேன். கீரை, ராகி, பேரீச்சை, பீட்ரூட், முருங்கை, உருளை, வாழைப்பழம், ஆப்பிள் எல்லாம் சாப்பிடலாம். தக்காளி, கத்தரி விஷயத்தில் அந்த அதிதி சொல்வதை எழுத்தில், கையெழுத்துடன் வாங்கி அனுப்பினால் பரிசீலிக்கிறேன். முதல் எண் எப்படியும் பட்டியலில் இருக்கட்டும்.

அவள் முகம் வாடியிருக்கிறதா? போனில் நன்றாகத்தான் சிரிக்கிறாள். தங்களை அழவைத்ததற்கு வெட்கப்படுகிறேன்.

கணேசமூர்த்தி


ஆடுகோடி,
18.11.2025

சம்பந்தி அண்ணாவுக்கு, வணக்கம். இந்தத் தடவை தைரியமாக எழுதுகிறேன்: நால்வரும் நலம். தர்ஷினிக்குப் பசி திரும்பிவிட்டது. நேற்று ராகி முத்தே (உங்கள் ஊர்க் களிதான்) இரண்டு உருண்டை விழுங்கிவிட்டு, மூன்றாவதற்கு என் முகத்தைப் பார்த்தாள். ஹீமோகுளோபின் பத்தைத் தாண்டிவிட்டது.

எழுத்தில் கேட்டீர்கள் அல்லவா? நான் நேரிலேயே போய்வந்தேன். விவசாயப் பல்கலைக்கழகத்தில் வருஷா வருஷம் கிருஷி மேளா என்ற விவசாயக் கண்காட்சி நடக்கும். மெஸ்ஸுக்கு ஒரு நாள் லீவு விட்டுவிட்டு, மருமகளோடு ஆட்டோவில் போனேன். திருவிழாக் கூட்டம். அவளை நிழலில் உட்காரவைத்துவிட்டு, ஒவ்வொரு கடையாகப் போய், "இதுல மரபணு மாத்தினது எது?" என்று கேட்டேன். தக்காளிக் கடையில் இருந்தவர், "ஒண்ணும் இல்லம்மா. இது ரெண்டு ரகத்தைக் கையால சேர்த்த கலப்பினம்" என்று ஒரு பூவைப் பிரித்து, மகரந்தத்தை விரலால் தொட்டு இன்னொரு பூவில் வைத்துக் காட்டினார். காலங்காலமாகத் தேனீ செய்யும் வேலைதான். கத்தரியில் மரபணு மாற்றிய ரகம் ஒன்றைத் தயாரித்தார்களாம். 2010இல் நிறுத்திவைத்தது, இன்னும் அனுமதி வரவில்லை. மக்காச்சோளமும் சோயாவும் வெளிநாடுகளில் மாற்றியது விளைகிறது, நம் நிலத்தில் அனுமதியில்லை. பப்பாளியும் அப்படித்தான். காய்ப் பப்பாளி மட்டும் வேறு காரணத்துக்காக வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்கிறார்.

உங்கள் கட்சிக்கும் ஒரு வெற்றி உண்டு, மறைக்க மாட்டேன். நம் நாட்டில் விளைவிக்க அனுமதி பெற்று விவசாயிகள் கைக்கு வந்தது பருத்தி ஒன்றுதான். அந்தக் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெய் சமையலுக்கு வருகிறது. வெளிநாட்டு சோயா எண்ணெயும் வருகிறது. கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் எண்ணெயாகச் சுத்திகரித்த பிறகு அதில் மரபணு என்று சொல்லும்படி ஒன்றும் மிஞ்சுவதில்லையாம். சாப்பிட்டவர்களுக்குக் கெடுதல் வந்ததாக இத்தனை வருஷத்தில் யாரும் நிரூபிக்கவில்லையாம். அதிதி இன்னொன்றும் சொன்னாள். "விதை யார் கையில இருக்கணும், பூச்சி அதுக்குப் பழகிட்டா என்ன பண்றது, இதுக்கெல்லாம் தாராளமா சண்டை போடுங்க ஆண்ட்டி. ஒவ்வொரு புது ரகத்தையும் தனித்தனியா சோதிக்கச் சொல்லுங்க. ஆனா மீன் தக்காளிக்காகச் சண்டை போடாதீங்க." இவ்வளவும் எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கி இணைத்திருக்கிறேன். உங்கள் திருப்திக்காக மெஸ் ரப்பர் ஸ்டாம்பும் குத்தியிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதங்களை எல்லாம் அடுக்கிவைத்துப் பார்த்தேன். பட்டியலில் மற்றவை வருகின்றன, போகின்றன. விதையில்லாத திராட்சை மட்டும் எப்போதும் முதலில் நிற்கிறது. அதுவும் மரபணு மாற்றியது இல்லையாம். ஏன் அண்ணா அது மட்டும்?

அண்ணிக்கு என் அன்பு.
சீதாலட்சுமி


குடியாத்தம்,
22.12.2025

சம்பந்தியம்மா அவர்களுக்கு வணக்கம்.

ஐந்து வாரம் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். உடம்பு சுகம்தான். தபால் இலாகாவைக் குறை சொல்ல வேண்டாம்.

அதிதியின் கையெழுத்தையும் தங்கள் ரப்பர் ஸ்டாம்பையும் ஏற்றுக்கொண்டு, எண் இரண்டு முதல் பதினொன்று வரை ரத்து செய்கிறேன். முதல் எண் இருக்கட்டும். தாங்கள் கேட்ட கேள்விக்கு இந்தக் கடிதத்தில் பதில் இல்லை.

வளைகாப்பை ஜனவரி முப்பதாம் தேதி, தை வெள்ளிக்கிழமை வைக்கலாம் என்று புனிதவதி சொல்கிறாள். நாங்கள் வந்து நடத்தி, அன்றே தர்ஷினியைப் பிரசவத்துக்கு அழைத்துவருகிறோம். சமையல் உங்கள் மெஸ்ஸில்தான் என்பதால் பட்டியல்: எலுமிச்சைச் சாதம், புளிச்சாதம், தேங்காய்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல், தயிர்ச் சாதம், உளுந்து வடை, சேமியா பாயசம். பாயசத்தில் முந்திரி, திராட்சை தாராளமாக. நம் வீட்டு விசேஷத்தில் பாயசம் பேர் சொல்ல வேண்டும்.

கணேசமூர்த்தி


ஆடுகோடி,
29.12.2025

அண்ணாவுக்கு, வணக்கம். எல்லோரும் நலம்.

வளைகாப்புக்கு எல்லாம் நீங்கள் எழுதியபடியே. மொட்டைமாடிச் செடிகள் காய்த்துவிட்டன. ஒரு செடியில் உருண்டை, இன்னொன்றில் நீளம், ஒன்றில் சுண்டைக்காய் அளவு. ஒரே பழத்தின் பிள்ளைகள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கலப்பினத்தின் விதை முளைக்கும், ஆனால் தாயைப்போல இருக்காது என்று அதிதி அப்போதே சொன்னாள்.

பதில் சொல்ல வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் அவள் உங்கள் வீட்டுக்கு வருவாள். அவள் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் சாப்பிடுவாள். உங்களுக்குள் என்ன பயம் இருக்கிறதோ அது அவள் தட்டில் வந்து உட்காரும். எனக்கு அது ஒன்றுதான் கவலை.

புத்தாண்டு வாழ்த்துகள்.
சீதாலட்சுமி


குடியாத்தம்,
7.1.2026

அம்மா, வணக்கம். இதைத் தாங்கள் மட்டும் படிக்கவும்.

1995 பிப்ரவரி. சித்தப்பா மகன் கல்யாணத்துக்குப் பெங்களூர் வந்திருந்தேன். புனிதத்துக்கு அப்போது ஐந்தாம் மாதம். முதல் பிள்ளை. ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே மெஜஸ்டிக்கில் தள்ளுவண்டியில் பச்சைத் திராட்சை விற்றுக்கொண்டிருந்தார்கள். வண்டிக்காரர் ஒன்றைக் கையில் கொடுத்து, "கொட்டையே இல்ல சார்" என்றார். கருப்புத் திராட்சையைத் தின்று கொட்டையைத் துப்பியே பழகியவன் நான். பெரிய அதிசயமாக இருந்தது. ஒரு கிலோ வாங்கி, நசுங்காமல் இருக்க வேண்டும் என்று ரயிலில் ஊர்வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். அவள் குழந்தைபோலச் சந்தோஷப்பட்டுச் சாப்பிட்டாள்.

ஒன்பதாம் நாள் பிள்ளை தங்காமல் போயிற்று.

பார்க்க வந்த என் அத்தை என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, "வித்தில்லாததைத் தின்னக் குடுத்தியேடா, பின்ன எப்படிடா வித்து தங்கும்?" என்றார். நான் படித்தவன்தான். அன்றைக்குப் படிப்பு உதவவில்லை. அதை நான் புனிதத்திடம் சொல்லவே இல்லை. இரண்டு வருஷம் கழித்துத் தர்ஷினி பிறந்தாள். அதற்கப்புறமும் அந்தப் பழம் இந்த வீட்டு வாசற்படி ஏறவில்லை. அவளும் ஏன் என்று கேட்டதில்லை.

வாட்ஸ்அப்பில் மரபணு என்ற வார்த்தையைப் பார்த்ததும், முப்பது வருஷமாக எனக்குத் தெரியாமல் இருந்த காரணம் கிடைத்துவிட்டதாக நினைத்தேன். மற்ற காய்கள் எல்லாம் அந்தத் திராட்சைக்குத் துணைக்கு வந்தவைதான். இதுதான் பதில்.

கணேசமூர்த்தி


ஆடுகோடி,
12.1.2026

அண்ணா,

நலம் விசாரிக்கக்கூடப் பொறுமையில்லாமல் எழுதுகிறேன், மன்னித்துவிடுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். நாற்பது பேருக்கு அன்றைக்குச் சாம்பாரில் உப்பில்லை.

உங்கள் பெயரைச் சொல்லாமல் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அந்த மாதிரி ஆகறதுக்கு ஆயிரம் காரணம். பல சமயம் எங்களுக்கே தெரியறதில்ல. கழுவித் தின்ன திராட்சையால ஆகவே ஆகாது. யார் அந்த மனுஷன்? அவரை முதல்ல நிம்மதியா தூங்கச் சொல்லுங்க" என்றார். அதிதியிடமும் கேட்டேன். விதையில்லாத திராட்சை லேபைப் பார்த்ததே இல்லையாம். பல நூறு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு கொடி தானாகவே அப்படிக் காய்த்தது. ருசி கண்ட மனிதர்கள் அதன் குச்சியை வெட்டி வெட்டி நட்டுக்கொண்டே வந்துவிட்டார்கள். நாம் செம்பருத்தி வைப்பதுபோலத்தான்.

இதையெல்லாம் நீங்கள் நம்ப வேண்டாம். உங்களுக்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரம் உங்கள் கையெழுத்திலேயே என்னிடம் இருக்கிறது. 22.12.2025 தேதியிட்ட கடிதம், கடைசிக்கு முந்தின வரி. பாயசத்தில் முந்திரி, திராட்சை தாராளமாக!

அந்த மஞ்சள் உலர்திராட்சை எதைக் காயவைத்தது அண்ணா? பொங்கலுக்கு வாங்கி வைத்திருப்பீர்கள். ஒரு கைப்பிடியைக் காலையில் தண்ணீரில் ஊறப்போடுங்கள். சாயங்காலம் ஒவ்வொன்றாகப் பிளந்து பாருங்கள். விதை கிடைத்தால் உறையில் போட்டு எனக்கு அனுப்புங்கள். கிடைக்காவிட்டால், தர்ஷினி வயிற்றில் இருந்தபோது அண்ணி எத்தனை பாயசம் குடித்தார் என்று யோசித்துப் பாருங்கள்.

பொங்கல் வாழ்த்துகள்.
உங்கள் தங்கை,
சீதாலட்சுமி


குடியாத்தம்,
17.1.2026

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நான் சுகம். இதை எத்தனையோ கடிதத்தில் எழுதியிருக்கிறேன். இன்றைக்குத்தான் உண்மை.

மாட்டுப்பொங்கலன்று காலையில் டம்ளரில் ஊறப்போட்டேன். மாலையில் எல்லாம் உப்பி, அந்த வண்டியில் பார்த்த பழம் மாதிரியே உட்கார்ந்திருந்தன. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, பிளேடால் அறுபத்துமூன்றைப் பிளந்தேன். விதை இல்லை. இரண்டில் மணல் அளவு ஏதோ இருந்தது, பல்லில்கூடத் தட்டுப்படவில்லை. புனிதம் வந்து பார்த்துவிட்டு, "ரிட்டயர் ஆனவங்க வேற என்ன செய்வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தர்ஷினி வயிற்றில் இருந்த வருஷம் வெள்ளிக்கிழமைதோறும் இந்த வீட்டில் பாயசம், நான் வேண்டிக்கொண்டதற்காக. முந்திரியும் திராட்சையும் வாங்கி வந்தது நானே. வாரா வாரம் பயந்த பொருளை வாரா வாரம் என் கையாலேயே கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். அவள் குடித்தாள். பெண் நன்றாகத்தான் பிறந்தாள். அறுபத்துமூன்றாவது திராட்சையில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது தங்கச்சி. சிரித்து, அப்புறம் கொஞ்சம் அழுதும்விட்டு, பிளந்ததை எல்லாம் தின்றுவிட்டேன்.

முதல் எண்ணும் ரத்து. குடும்பக் குழுவில் என்னைத் திரும்பச் சேர்க்கும்படி மாப்பிள்ளையிடம் சொல்லவும். அந்தச் சிரிக்கும் பொம்மையை எப்படிப் போடுவது என்றும் கேட்டு எழுதவும்.

புனிதத்திடம் இன்னும் சொல்லவில்லை. நேரம் பார்த்துச் சொல்வேன்.

முப்பதாம் தேதி சந்திப்போம். பாயசத்தில் கை தாராளமாக இருக்கட்டும்.

உங்கள் அண்ணன்,
கணேசமூர்த்தி


குடியாத்தம்,
10.3.2026

அன்புள்ள சீதாவுக்கு,

புனிதவதி எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பு இருந்தால் சிரிக்காதே. நீயும் மாப்பிள்ளையும் சனிக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு உன் பேத்தி இன்னும் கொஞ்சம் நிறம் மாறியிருக்கிறாள். தர்ஷினி நன்றாக இருக்கிறாள். பிரசவத்துக்கு முன் எடுத்ததில் ரத்தம் பதினொன்றரை. இங்கே டாக்டர் பாராட்டினார். அந்தப் பாராட்டு உனக்குச் சேர வேண்டியது.

இவர் எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிட்டார். பேத்தியைக் கையில் வாங்கிய அன்றே சொன்னார். மெஜஸ்டிக், வண்டிக்காரர், அத்தை வாசலில் சொன்னது, எல்லாம். நான் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டேன். உனக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன் சீதா. அத்தை அன்றைக்கு வாசலில் சொன்னது எனக்கு உள்ளேயே கேட்டது. அந்த அம்மாவுக்கு மெதுவாகப் பேச வராது. எனக்குக் கோபம்தான் வந்தது. என் பிள்ளை போன துக்கத்தில் பழத்தை எதற்குத் திட்டுகிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் இவர் அதற்கப்புறம் திராட்சை வண்டியைப் பார்த்தால் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவார். அதைப் பார்த்தபின் நானும் வாயைத் திறக்கவில்லை.

தர்ஷினி வயிற்றில் இருக்கும்போது எனக்கு அந்தப் பழத்தின் மேல்தான் ஆசை. இவரிடம் கேட்க முடியுமா? என் தம்பி அப்பாதுரை அப்போது பெங்களூரில் பீன்யாவில் கம்பெனி வேலையில் இருந்தான். லீவில் வந்தபோது வாங்கிவரச் சொல்லி, அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைத்து, இவர் தபாலாபீஸ் போனதும் தின்றேன். ஒரு கிலோ. தினமும் கொஞ்சமாக, நான்கு நாள். அதைத் தின்றுதான் உன் மருமகளைப் பெற்றேன். இவர் பயந்துவிடுவாரே என்று இத்தனை வருஷம் சொல்லவில்லை.

இதுவரை எழுதிவிட்டுத் திரும்பினால், இவர் என் தோளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்கிறார்! போய்த் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். அங்கிருந்தே, "அரிசி டிரம்முக்குப் பின்னாலயா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஒரு கிலோவும் நீயேவா?" என்றார். ஆமாம் என்றேன். அப்புறம் அவர் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது. இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

பதினாறாம் தேதி பெயர் வைக்கிறோம். எல்லோரும் வந்துவிடுங்கள். அதிதியையும் அழைத்துவா. உங்கள் ஊரில் திராட்சைக் காலம் முடிவதற்குள் அந்தப் பச்சைத் திராட்சை இரண்டு கிலோ வாங்கிவா. உன் மூட்டுக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
புனிதவதி

ஒட்டுவதற்கு முன் இவரும் ஓரத்தில் என்னவோ எழுத வேண்டுமாம். எனக்குக் காட்ட மாட்டாராம்.

*தங்கச்சி, இரண்டு கிலோ போதாது. நான்காக வாங்கவும். இவள் ஒருத்தியே ஒரு கிலோ தின்கிறவள் என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. மடியில் வைத்துக்கொண்டு வரவும், நசுங்கிவிடும். — அண்ணன்*